“அண்ணா, இடிச்சிட்டேன்”

2014 ஐப்பசி. ராத்திரி இரண்டே முக்கால் மணி. மழை விட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. மீனம்பாக்கத்தில் விமானம் வந்து நிற்கும் பே முழுக்கத் தண்ணீர் தேங்கி, ஃப்ளட் லைட் வெளிச்சம் அதில் பட்டுக் கண் கூசியது. வந்து நின்ற விமானத்தின் சக்கரத்துக்கு சாக் என்ற தடுப்புக்கட்டை போட்டு, சுற்றிலும் எச்சரிக்கைக் கோன் வைத்து, சாமான் வைக்கும் முன்பக்க ஹோல்டைத் திறந்துகொண்டிருந்தோம். வாலுப் பக்கத்திலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். ராம்ப்பில், அதாவது விமானங்கள் நின்று ஏற்றி இறக்கும் தளத்தில், யாரும் ஓடக் கூடாது என்பது நாங்கள் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். அதுவரை அவன் ஓடிப் பார்த்ததில்லை. என் முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்க, “அண்ணா, இடிச்சிட்டேன்” என்றான்.

சாமான்களை ஓடும் பட்டையில் ஏற்றி இறக்கும் வண்டியான பெல்ட் லோடரைப் பின்பக்க ஹோல்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தும்போது கால் வழுக்கியிருக்கிறது. வண்டி அரை அடி கூடுதலாகப் போய்விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சரக்குக் கதவின் ஓரத்துக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு ஒரு குழிவு. பெயிண்ட் கொஞ்சம் உரிந்திருந்தது. கூட இருந்த லோடர்கள் இரண்டு பேர், “சும்மா ஒரசல்தான், விடுண்ணா. இருட்டுல யாருக்குத் தெரியப்போவுது” என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பையனுக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் ஓடி வந்தான்.

அன்றைக்கு நான் ராம்ப் சூப்பர்வைசர். பதினோரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தத் துறையில் பாதுகாப்பு என்று யார் பேச ஆரம்பித்தாலும் எனக்கு அந்தக் குரல்தான் முதலில் கேட்கிறது.

விமானத்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எங்கள் வேலையைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் ஜாக்கெட், காதில் பஞ்சு மாதிரி ஒன்று, கையில் ஆரஞ்சு கோல். குறுகிய உடல் கொண்ட ஒரு விமானம் வந்து நின்று மறுபடி கிளம்ப நம் ஊரில் அரைமணி நேரம்தான் கொடுக்கிறார்கள். அந்த அரைமணியில் அதைச் சுற்றி வரும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். முன்னும் பின்னும் பெல்ட் லோடர், சாமான் டிராலிகளை இழுத்து வரும் டிராக்டர், எரிபொருள் வண்டி, சாப்பாடு கொண்டுவரும் ஹை-லிஃப்ட், குடிதண்ணீர் வண்டி, கழிவு எடுக்கும் வண்டி, மின்சாரம் கொடுக்கும் ஜி.பி.யூ., ஏணி, பஸ், கடைசியில் விமானத்தைப் பின்னால் தள்ளும் புஷ்பேக் டிராக்டர். ஒவ்வொன்றும் பல டன் இரும்பு. அவை நெருங்கிப் போய் நிற்க வேண்டிய பொருளின் தோலோ பல இடங்களில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியம்.

இந்த ஒன்றரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மேலே பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. ஜெட் விமானங்களில் அந்த வித்தியாசம் சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு வரை போகும். ஒரு சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் அரை டன்னுக்கு மேல். உடம்பின் ஒவ்வொரு சதுர அடியையும் உள்ளேயிருந்து அரை டன் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சீராக இருக்கும் தோல் அதைத் தாங்கும். அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். மடிப்பு விழுந்த தோல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இதற்கு ஒரு சம்பவம் உண்டு. 2005 டிசம்பர் 26, அமெரிக்காவின் சியாட்டில். அலாஸ்கா ஏர்லைன்ஸின் எம்.டி.-83 விமானம் பர்பாங்க் என்ற ஊருக்குக் கிளம்புகிறது. கிளம்பும் முன் ராம்ப்பில் ஒரு வண்டி அதன் உடம்பில் மோதியிருக்கிறது. ஓட்டியவர் சொல்லவில்லை. விமானம் ஏறிக்கொண்டே போய் 26,000 அடி வாக்கில் இருக்கும்போது பெரிய சத்தம், காற்று இரைச்சல், ஆக்ஸிஜன் மாஸ்க்குகள் கீழே தொங்குகின்றன. விமானிகள் சட்டென்று கீழே இறக்கி, சியாட்டிலுக்கே திருப்பிக் கொண்டுவந்து பத்திரமாக இறக்கினார்கள். யாருக்கும் அடியில்லை. தரைக்கு வந்து பார்த்தால் உடம்பில் ஓர் அடி நீளம், அரை அடி அகலத்துக்கு ஓட்டை. அதற்கப்புறம்தான் அந்த ஊழியர் மோதியதை ஒப்புக்கொண்டார்.

அந்த ஆளைத் திட்டுவது சுலபம். நான் அவரைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். ஒப்பந்த நிறுவனத்தில் வேலை செய்தவர். மோதிய அந்த நிமிஷத்தில் அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று ராம்ப்பில் ஒரு வருடம் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். வேலை போய்விடும். இவ்வளவு பேர் காத்திருக்கும் விமானம் நின்றுவிடும். ‘சின்ன உரசல்தானே.’ எங்கள் லோடர்கள் சொன்ன அதே வார்த்தை. எங்கள் பையனும் சியாட்டில்காரரும் நின்றது ஒரே இடத்தில்தான். அவன் ஓடி வந்தான், அவர் வரவில்லை.

சரி, ஓடி வந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

ஏ.எம்.இ., அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர், வந்து குழிவின் ஆழத்தை அளந்தார். கையேட்டில் இருக்கும் அளவைத் தாண்டியிருந்தது. இந்த விமானம் இன்றைக்குப் பறக்காது என்று சொல்லிவிட்டார். வேறு விமானம் வந்து பயணிகள் கிளம்ப நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தாமதத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் 52 என்று போட்டோம். உலகம் முழுக்க அந்த எண்ணுக்கு ஒரே அர்த்தம்: தரைப்பணியில் சேதம். காலை ஏழு மணிக்கு மேலதிகாரி வந்தார். பையனின் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாஸ் இல்லாவிட்டால் விமான நிலையத்துக்குள்ளேயே வர முடியாது. மூன்று வாரம் கழித்து அவனுடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று ஒரு கடிதம்.

விசாரணை அறிக்கை ஒரே பக்கம். காரணம் என்ற இடத்தில் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று இருந்தது. அடியில் சூப்பர்வைசர் கையெழுத்து. அந்தக் கையெழுத்து என்னுடையது.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம். வாடகை வீடு. காரணம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அறிக்கையை என் முன்னால் வைத்தார்கள், நான் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து வேறு ஏதோ தேட வேண்டியிருந்தபோது அந்த பெல்ட் லோடரின் பழுதுப் புத்தகம் கையில் வந்தது. புரட்டினேன். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று மூன்று முறை எழுதியிருந்தது. மூன்றும் வேறு வேறு கையெழுத்து. முதல் குறிப்பு சம்பவத்துக்கு ஐந்து வாரம் முன்னால். யாரும் மாற்றவில்லை. வண்டி பற்றாக்குறை, ஒன்றை பட்டறைக்கு அனுப்பினால் அடுத்த விமானத்துக்கு ஆள் கையால் சுமக்க வேண்டும். மழைத் தண்ணீர் பட்ட ஷூ, தேய்ந்த பெடல். பையனின் கவனத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அவன் செய்யத் தவறியது ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். விமானத்தை நெருங்கும் முன் வண்டியை ஒரு முறை முழுதாக நிறுத்தி பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். விமானத்தைச் சுற்றியிருக்கும் சிவப்புக் கோட்டுக்கு வெளியே இதைச் செய்வது உலகமெங்கும் இருக்கும் நடைமுறை. அப்புறம் நடக்கிற வேகத்தில்தான் உள்ளே வர வேண்டும். முன்னால் ஒருவர் நின்று கைகாட்ட வேண்டும். அன்றைக்குக் கைகாட்ட ஆளில்லை. ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு பேர் இருந்தோம். ஆள் இல்லாமல் வண்டியை உள்ளே கொண்டுவரச் சொன்னது யார்? நான்தான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் பயம் தருகிறது. அடுத்த ஆறு மாதம் எங்கள் ஷிஃப்டில் ஒரு உரசல்கூடப் பதிவாகவில்லை. கூட்டத்தில் எங்களைப் பாராட்டினார்கள். அதே ஆறு மாதத்தில் காலை பரிசோதனைக்கு வரும் ஏ.எம்.இ.க்கள் “இது எப்ப விழுந்த குழிவு?” என்று இரண்டு தடவை வந்து கேட்டார்கள். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அல்லது தெரிந்தவர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பையனுக்கு நேர்ந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள், எல்லோரும் பாடம் படித்துவிட்டார்கள்.

அலுமினியக் காலத்தில் இது ஓரளவுக்காவது சமாளிக்கக்கூடிய ஆபத்து. அடி பட்டால் குழி விழும், குழி கண்ணுக்குத் தெரியும், மறைத்தாலும் அடுத்தவர் கண்டுபிடிப்பார். இப்போது போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி விமானங்களில் எடையில் பாதி கார்பன் இழைக் கலவை. இந்தப் பொருளின் குணம் வேறு. வண்டி மோதினால் வெளித்தோல் வளைந்து திரும்பவும் பழையபடி நிமிர்ந்துகொள்ளலாம். வெளியே பார்த்தால் லேசான தடம், சில நேரம் அதுவும் இருக்காது. உள்ளே அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்திருக்கும், பின்னால் தாங்கி நிற்கும் சட்டத்தில் விரிசல் விட்டிருக்கும். அல்ட்ராசவுண்ட் கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கருவியை எந்த இடத்தில் வைப்பது? மோதியவர் வந்து “இங்கே” என்று கை காட்டினால்தான் உண்டு. மாதம் பதினைந்து, இருபதாயிரம் வாங்கும் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி வாய் திறப்பதை நம்பித்தான் பல நூறு கோடி ரூபாய் விமானமும் அதில் உட்கார்ந்திருக்கும் முன்னூறு பேரும் இருக்கிறார்கள். மிகைப்படுத்தவில்லை. எத்தனை தானியங்கிக் கருவி வந்தாலும் இன்றைக்கு நிலைமை இதுதான்.

அடுத்த வருடம், 2015 டிசம்பர், எங்கள் எல்லோருக்கும் மறக்காத மாதம். முதல் தேதி இரவு வெள்ளம் ஓடுபாதைக்கு வந்தது. 6ஆம் தேதி வரை சென்னை விமான நிலையம் மூடியே கிடந்தது. திறந்தபிறகு சகதியைக் கழுவி, வண்டிகளை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் மும்பைச் செய்தி வந்தது. 16ஆம் தேதி இரவு, ஹைதராபாத் கிளம்பிய ஏர் இந்தியா ஏ319 விமானத்தைப் பின்னால் தள்ளி விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற தொழில்நுட்ப ஊழியர் ஒருவரை இன்ஜின் இழுத்துக்கொண்டது. இணை விமானி ஒரு சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று அன்றைய செய்திகள் சொல்லின. ராம்ப்பில் அன்று யாரும் அதிகம் பேசவில்லை. புஷ்பேக் முடித்து வந்த ஒரு அண்ணன் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

புஷ்பேக்கின் முடிவு எப்படி நடக்க வேண்டும் என்று சொன்னால்தான் அந்த மௌனம் புரியும். விமானம் தள்ளப்பட்டு நேராக நின்றதும் விமானி பிரேக் போடுகிறார். டிராக்டரையும் விமானத்தையும் இணைக்கும் டோ பாரைக் கழற்றுகிறோம். மூக்குச் சக்கரத்தில் ஒரு பைபாஸ் பின் சொருகியிருக்கும். அது இருக்கும்வரை விமானி அந்தச் சக்கரத்தைத் திருப்ப முடியாது. அதை உருவி எடுத்துக்கொண்டு, டிராக்டரும் ஆட்களும் ஒதுங்கிய பிறகு, ஹெட்செட்டில் விமானியோடு பேசிக்கொண்டிருந்தவர் அவர் கண்ணில் படும் இடத்துக்கு நடந்து போய் நிற்கிறார். சிவப்பு நாடா தொங்கும் அந்தப் பின்னைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறார். மேலே கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு கை உயர்கிறது. இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்தாயிற்று. அந்தக் கை உயர்ந்த பிறகு நகர்ந்தால் பிழைப்பு. பார்த்ததாக நினைத்துக்கொண்டு யாராவது நகர்ந்தால் மும்பை.

இன்ஜின் விஷயத்தில் விதிகள் தெளிவாகத்தான் இருக்கின்றன. உடம்பின் மேலும் கீழும் சிவப்பு பீக்கன் விளக்கு சுழன்றுகொண்டிருக்கும்வரை கிட்டே போகாதே. பீக்கன் அணைந்தாலும் விசிறி நிற்கும்வரை பொறு. இதை எல்லோருக்கும் சொல்கிறோம். ஆனால் சொல்வது மட்டும் போதுமா என்று கேட்டால், 2022 டிசம்பர் 31ஐப் பாருங்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி விமான நிலையம். வந்து சேர்ந்த எம்ப்ரேயர் 170 விமானத்தில் ஏ.பி.யூ. வேலை செய்யவில்லை. அதாவது, தரையில் நிற்கும்போது மின்சாரம் கொடுக்கும் சின்ன இன்ஜின் பழுது. அதனால் வெளியிலிருந்து மின் இணைப்பு கொடுக்கும்வரை ஒரு இன்ஜினை ஓடவிட வேண்டியிருந்தது. தரையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். விமானம் வருவதற்கு முன் ஒரு முறைக்கு இரண்டு முறை கூடி நின்று, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், கிட்டே போகாதீர்கள் என்று பேசியிருக்கிறார்கள். அவர்களுடைய கையேட்டில் 15 அடி தள்ளி நில் என்று எழுதியும் இருந்தது. ஆனாலும் ஒரு பெண் ஊழியர் பாதுகாப்பு கோனைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். பின்பக்கம் போனபோது இன்ஜின் காற்று அவரைத் தள்ளியிருக்கிறது. கூட இருந்தவர் கத்தி, கையசைத்து எச்சரித்தார். அதற்கு அடுத்த சில நொடிகளில் அந்தப் பெண் இன்ஜினின் முன்பக்கமாக வந்துவிட்டார். இன்ஜின் இழுத்துக்கொண்டது. மூன்று குழந்தைகளின் அம்மா.

கோன் வைப்பது பாதுகாப்புக்காக. பாதுகாப்புக்கான வேலையைச் செய்யப் போய் அவர் இறந்தார் என்பதை என்னால் சுலபமாகக் கடந்து போக முடியவில்லை. விமானம் நின்றதும் கோன் வைக்க வேண்டும் என்று தினமும் பத்து முறை செய்த உடம்பு, அந்தப் பதினோராவது முறை மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். காது அடைத்திருக்கிறது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, ஒரு இன்ஜின் நின்றுவிட்டது, இன்னொன்று ஓடுகிறது. பேசிப் புரியவைத்தது பழக்கத்தின் முன்னால் நிற்கவில்லை. இப்படி ஒரு விமானம் வந்தால், வெளி மின்சாரம் கொடுக்கும் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, கோன்களை ஒரு வண்டிக்குள் போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கையில் கோன் இல்லாவிட்டால் கால் போகாது.

லண்டன் ஹீத்ரோவில் 2021 ஜூன் 18 அன்று நடந்ததும் இதே ஜாதி. சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு போயிங் 787இன் மூக்கு திடீரென்று தரையில் உட்கார்ந்துவிட்டது. ஒரு பழுதைச் சரிபார்க்க, விமானம் தரையில் நிற்கும்போதே சக்கரத்தை மேலே தூக்கும் நெம்புகோலை இயக்க வேண்டியிருந்தது. சக்கரங்கள் மடங்காமல் இருக்க முன்கூட்டியே பூட்டுப் பின் சொருகுவார்கள். மூக்குச் சக்கரத்தில் பின் சொருக வேண்டிய துளைக்குப் பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு துளை. மூத்த மெக்கானிக்குக் கை எட்டவில்லை. கூட இருந்தவரை ஏறச் சொல்லி, கீழிருந்து விரல் நீட்டிக் காட்டினார். அவர் பக்கத்துத் துளையில் சொருகிவிட்டார். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் குழப்பம் வரும் என்று ஏற்கெனவே தெரியும். அந்தத் தப்பான துளையை அடைத்துவிடச் சொல்லி உத்தரவே வந்திருந்தது. செய்து முடிக்க மூன்று வருட அவகாசம் இருந்ததால் அந்த விமானத்தில் இன்னும் அடைக்கவில்லை. ஒரு சின்ன உலோக வளையம் போடுகிற வேலை.

இதைப் படித்த அன்று எங்கள் பெடல் ரப்பரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

உலக அளவில் இந்தப் பிரச்சினை எவ்வளவு பெரிது என்று கேட்பவர்களுக்கு: விமானப் பாதுகாப்புக்கான ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு பல வருடம் முன்பே போட்ட கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 27,000 ராம்ப் விபத்துகள், ஆயிரம் புறப்பாட்டுக்கு ஒன்று. காயப்படுகிறவர்கள் சுமார் 2,43,000 பேர். விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ. 2022இல் வெளியிட்ட ஆய்வு, தரைச் சேதத்தின் செலவு 2035க்குள் இரட்டிப்பாகி ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1,000 கோடி டாலரைத் தொடலாம் என்கிறது. அதே ஆய்வு சொல்லும் முக்கியமான விஷயம், பெரும்பாலான சேதம் விமானம் நின்றபிறகு, மோட்டார் வண்டிகள் உடம்பில் மோதுவதால் வருகிறது என்பது. பெல்ட் லோடர், சரக்கு லோடர், ஏணி, ஏரோபிரிட்ஜ் ஆகிய நாலிலும் முக்கால்வாசியை மோதல் தடுக்கும் சென்சாரும் அங்குலம் அங்குலமாக நகரும் வசதியும் உள்ள புது வகைக்கு மாற்றினால், ஒவ்வொரு முறை விமானம் வந்து நின்று மறுபடி கிளம்புவதற்கும் எதிர்பார்க்கிற சேதச் செலவு 42 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

சென்சார் வைத்த பெல்ட் லோடரை நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். விமானம் நெருங்க நெருங்க வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்துதான் போகும். குறிப்பிட்ட இடைவெளியில் தானே நிற்கும். அந்தப் பையன் இப்படி ஒரு வண்டியில் இருந்திருந்தால் அவன் கால் நூறு தடவை வழுக்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. விலை அதிகம்தான். ஒரு விமானம் நாலு மணி நேரம் நின்றால் எவ்வளவு செலவு என்பதையும் அதே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு நிறுவனத்தின் பணம் என்பதால் யாரும் ஒரே தாளில் எழுதுவதில்லை. சேதம் விமானக் கம்பெனிக்கு, வண்டி வாங்கும் செலவு தரைப்பணிக் கம்பெனிக்கு. குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம். இந்த முடிச்சு அவிழாதவரை சென்சார் வண்டிகள் பெரிய நிலையங்களில் நாலைந்து மட்டும் நிற்கும்.

தூக்கம் இன்னொரு முடிச்சு. அதே 2015 டிசம்பரில், 22ஆம் தேதி விடியற்காலை, கொல்கத்தா விமான நிலையத்தில் ஒரு பயணிகள் பஸ் நின்றிருந்த ஏ.டி.ஆர். விமானத்தில் போய் இடித்தது. நல்லவேளை, இரண்டிலும் பயணிகள் இல்லை. ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்று செய்தி. 2021 டிசம்பரில் மும்பையில் சாமான் ஏற்றிவிட்டு ஹோல்டுக்குள்ளேயே படுத்துத் தூங்கிப்போன ஒரு லோடர், அபுதாபி போய்தான் கண் விழித்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூட்கேஸ்களுக்கு நடுவே, இரும்புத் தரையில், அந்த இரைச்சலில் ஒரு மனுஷன் தூங்குகிறான் என்றால் அதற்கு முந்தைய இருபது மணி நேரம் அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? எங்கள் ஆட்களில் பலர் ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேராக ஆட்டோ ஓட்டப் போவார்கள், டெலிவரி வேலைக்குப் போவார்கள். விமானிக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அவருடைய விமானத்தைப் பின்னால் தள்ளுகிறவருக்கு அதே கண்டிப்புடன் ஒரு கணக்கு கிடையாது.

ஐரோப்பாவில் தரைப்பணி நிறுவனங்களுக்கென்றே தனி விதிமுறையை 2025 மார்ச்சில் வெளியிட்டிருக்கிறார்கள். 2028 மார்ச்சில் நடைமுறைக்கு வருகிறது. பயிற்சி, வண்டிப் பராமரிப்பு, பாதுகாப்பு மேலாண்மை, சம்பவங்களைத் தெரிவிப்பது எல்லாம் நிறுவனத்தின் சட்டப் பொறுப்பாகிறது. தவறைத் தானாக வந்து சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு அங்கே 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. வேண்டுமென்றே செய்தவருக்கும், அப்பட்டமான அலட்சியம் காட்டியவருக்கும் அது பொருந்தாது. கால் வழுக்கியவருக்குப் பொருந்தும்.

நான் இப்போது வேறு நிறுவனத்தில் பயிற்சி கொடுக்கிறேன். புதுசாகச் சேர்ந்தவர்கள் பத்து, பன்னிரண்டு பேர் வருவார்கள். பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் பையன்கள் நிறைய. இப்போது பெண்களும் வருகிறார்கள். முதல் நாள் மதியம் அவர்களை ஒவ்வொருவராக எழுப்பி, என் எதிரே வந்து நின்று, “இடிச்சிட்டேன்” என்று சத்தமாகச் சொல்லச் சொல்கிறேன். எதையும் இடிக்காமல்தான். முதலில் கூச்சப்படுவார்கள். சிலருக்குக் குரலே வராது. எந்த இடத்தில், எந்த வண்டியில், எவ்வளவு உயரத்தில் என்று நான் கேட்பேன், அவர்கள் பதில் சொல்ல வேண்டும். வாய் ஒரு தடவை பழகியிருந்தால் நிஜமாக நடக்கும் ராத்திரியில் கொஞ்சம் சுலபமாக வரும் என்று நம்புகிறேன்.

ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் கேட்பார்: “சார், சொன்னா பாஸ் போயிடுமா?”

தானாகச் சொன்னால் நடவடிக்கை இல்லை என்று நிறுவனத் தலைவர் கையெழுத்துப் போட்ட தாள் சுவரில் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். ஆனால் அந்தக் கேள்வி கேட்டவரின் முகம் தாளைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கும். அதனால் 2014இல் நான் கையெழுத்துப் போட்ட கதையையும் சொல்கிறேன். எதையும் குறைக்காமல். அந்தப் பையன் இப்போது கேளம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இரண்டு வருடம் முன்பு தேடிப் போய்ப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தான். பழுதுப் புத்தகத்தில் இருந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அந்த ரப்பர மாத்திட்டாங்களாண்ணா?” என்று கேட்டான்.

மாற்றிவிட்டார்கள். அவன் போன நாலாவது மாதம்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரையும் வண்டிகள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன். ஒவ்வொரு வண்டியிலும் ஏறி, குனிந்து, பிரேக் பெடலைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வரி வரியாக விரலில் தட்டுப்பட்டால் சரி. வழவழவென்று இருந்தால் வண்டிச் சாவியைக் கழற்றி என் கையில் கொடுக்க வேண்டும், அந்த வண்டி அன்றைக்கு ராம்ப்புக்குப் போகாது. போன வாரம் இரண்டு சாவி வந்தது.